கீழிருந்து எண்ணிய முதுகெலும்பு

ஒருவருடைய முதுகில் தவறான இடத்தில் ஆபரேஷன் நடந்ததற்கு நான் காரணம். முதலில் எண்ணுவதில் தவறினேன். பிறகு, கேட்டவரிடம் பொய் சொன்னேன்.

மும்பை செம்பூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருந்தேன். படம் எடுப்பதோடு, முள்ளெலும்புகளுக்கு எண் குறிப்பதும் என் வேலை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது இதைத்தான்: கழுத்தில் ஏழு, விலா எலும்புகள் பொருந்தும் நடு முதுகில் பன்னிரண்டு, கீழ் முதுகில் ஐந்து. அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒட்டி ஒன்றாகிப்போன சேக்ரம். நுனியில் வால் எலும்பு.

பாடப்புத்தகத்தில் எல்லோருக்கும் இப்படித்தான். நிஜத்தில் சிலருக்கு சேக்ரத்தின் முதல் எலும்பு ஒட்டாமல் தனியே நிற்கும். கீழ் முதுகில் ஆறு ஆகிவிடும். அதனால்தான் முழு முதுகையும் ஒருமுறை படம் பிடித்து, கழுத்திலிருந்து எண்ணச் சொல்வார்கள். சின்ன வேலைதான்.

வெளியே கூட்டம் அதிகமாயிருந்த ஒரு நாள் அதைச் செய்யாமல் விட்டேன். மெஷினில் படுத்திருந்தவர் அந்தோணி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் பை தைக்கும் பட்டறையில் தோல் வெட்டுபவர். சேக்ரத்துக்கு மேலே இருப்பது ஐந்தாவது என்று வைத்துக்கொண்டு கீழிருந்து எண்ணினேன். நரம்பை அழுத்திய டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு இடையிலான மெத்தை, என் கணக்கில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வந்தது. ரிப்போர்ட்டும் அப்படியே போயிற்று.

ஆபரேஷனுக்கு முன் சர்ஜன் போன் செய்தார். மாதுங்காவில் வளர்ந்த தமிழர்.

“கடைசி எலும்பு ஒரு மாதிரி இருக்கே சார். மேலேருந்துதானே எண்ணினேள்?”

“ஆமா டாக்டர், மேலேருந்துதான்.”

அதை நம்பி அவர் ஆபரேஷன் தியேட்டரில் விலா எலும்பிலிருந்து கீழ்நோக்கி எண்ணினார். கெட்ட டிஸ்குக்கு ஒரு படி மேலே, நன்றாக இருந்த டிஸ்கில் கை வைத்தார்.

சில மாதம் கழித்து அந்தோணி என் மெஷினுக்கே திரும்ப வந்தார். இந்த முறை முழு முதுகையும் எடுத்தேன். ஆறு இருந்தது. கெட்ட டிஸ்க் உண்மையில் நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இருந்தது. அந்த ஒரு படத்தை மட்டும் டாக்டருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

வெளியே அவர் மனைவி மேரி ஏசிக்கொண்டிருந்தார். “ஆபரேஷன் நல்லா முடிஞ்சிட்டுன்னு டாக்டரே சொல்லுதாரு. பொறவு என்ன வலி? வேலைக்குப் போவ மடி!”

“மடி இல்லட்டி. நிக்க முடியல. நம்புட்டி.”

“பட்டறை சேட்டு நம்புவாரா? வேற ஆள் பாக்கப் போறாராம்.”

தோல் வெட்டும் கட்டருக்கு நின்றால்தான் வேலை. அவரால் நிற்க முடியவில்லை என்பதற்கான சாட்சி என் கம்ப்யூட்டரில் கிடந்தது. மறுநாள் காலை அதை சர்ஜனிடம் கொண்டுபோனேன்.

படத்தில் மேலிருந்து தானே எண்ணிப் பார்த்தார். “எண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே எண்ணியிருப்பேனே. ஏன் சார்?”



இருவருமாக தாராவிக்குப் போனோம். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து, அந்தோணிக்கு முன்னால் விரல் வைத்து எண்ணிக் காட்டினேன். சொன்ன பொய்யையும் சொன்னேன்.

மேரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “படிச்சவியதான? ஆறு வரைக்கும் எண்ணத் தெரியாதா? நான் இவர மடியன்னு ஏசாத நாளு உண்டா!”

“புகார் கொடுங்கம்மா. நானே வந்து சாட்சி சொல்றேன்.”

“அது கெடக்கட்டும். மொதல்ல இவரு நிக்கணும்.”

சென்டரில் என்னை ஸ்கேன் அறையிலிருந்து மாற்றினார்கள். அது நியாயம். முழு முதுகுப் படம் இல்லாமல் யாருக்கும் எண் குறிக்கக் கூடாது என்று அங்கே விதி வந்தது. சர்ஜன் மறுபடி ஆபரேஷன் செய்தார், இந்த முறை தானே எண்ணி. இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எண்ணவில்லை என்றால், கேட்பவரிடம் எண்ணவில்லை என்றே சொல்லிவிடுங்கள். அந்த வெட்கம் தாங்கக்கூடியது.

பிறகு ஒரு நாள் பட்டறைக்குப் போனேன். அந்தோணி மேஜை முன் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மன்னிச்சிட்டேன்னு வாயில வரமாட்டேங்கு அண்ணாச்சி. ஆனா நீங்க வரலேன்னா, எனக்கு வலியே இல்லன்னு நானே நம்பியிருப்பேன்.”

நான் ஜன்னலை மறைத்து நின்றிருந்தேன்.

“தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்கிய” என்று அடுத்த தோலை விரித்தார்.