சைகோன் ஏரோப்ளேனுக்காக நின்றுபோன நடவு

நாற்றைப் பறித்து முடி கட்டி வாய்க்காலில் போட்டாகிவிட்டது. விடிந்ததும் நட வேண்டும். அப்போதுதான் தலையாரி வந்து, நடவுப் பெண்கள் எல்லாரும் பாகூர் ஏரிக்கரைக்கு வர வேண்டும், கொம்யூன் தலைவர் மேர் ஐயாவின் உத்தரவு என்றான். அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சி; பல ஊர் சேர்ந்தது ஒரு கொம்யூன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

நடவுக்கூட்டத்தை நான்தான் அழைத்துப் போவேன். பாட்டு எடுத்துக் கொடுப்பதும் நான்தான். என் பாட்டுக்காகவே பண்டசோழநல்லூரிலிருந்து வண்டி அனுப்புவார்கள். அது கிடக்கட்டும். அன்று நட வேண்டியது அஞ்சலையின் அரைக்காணி. புருஷன் இல்லாதவள், வேறு நாற்றங்காலும் இல்லை. பறித்த நாற்று மறுநாள் வரை தாங்கும். அதற்குமேல் பழுத்து அழுகிவிடும். அழுகினால் அந்த வருஷம் அவள் அடுப்பில் உலை ஏறாது.

கரையில் மேர் குடை பிடித்து நின்றார்.

"சைகோன்லேர்ந்து பெரிய துரை ஏரோப்ளேன்ல வராரு. நம்ம ஏரி மேல தாழப் பறப்பாரு. எல்லாரும் துணிய வீசணும். நேத்து கெளம்பினது, இன்னிக்கு வந்துடும். தேசப் படத்துல நூல் புடிச்சி அளந்துட்டேன்."

சைகோனில் பட்டாளத்தில் இருந்து திரும்பிய சவரி சொன்னார்: "அது நேரா கடல் மேல வராதுங்க. ரங்கூன், கல்கத்தான்னு எறங்கி பெட்ரோல் ஊத்திக்கினுதான் வரும். ராத்திரியில பறக்காது. நாலு நாளாவது ஆவும்."

"நீதான் ஓட்டினியாடா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மாட்டு வண்டியே வழியில தண்ணி காட்ட நிக்குது. அது மட்டும் பட்டினியாவா வரும்?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேருக்கு முகம் சிவந்தது. "கரைய வுட்டு எறங்குறவளுக்கு எந்தப் பண்ணையிலயும் நடவு கெடையாது!"

பொழுது சாயும்வரை நின்றோம். வந்ததெல்லாம் கொக்குதான். மறுநாளும் கூப்பிட்டார்கள். அஞ்சலை வாய்க்காலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்தாள். "நுனி பழுத்துடுச்சிக்கா. அடியும் நாறுது."

"துணி வீசத்தானே ஆளு வேணும்? உங்க வூட்டு பொம்பளைங்கள நிறுத்துங்க. அவங்ககிட்டயும் சீலை இருக்குது" என்று மேரிடம் சொல்லிவிட்டுக் கரையை விட்டு இறங்கினேன். கொஞ்ச தூரம் தனியாகத்தான் நடந்தேன். பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. எல்லாரும் வந்துவிட்டார்கள்.

நாற்றில் பாதிதான் தேறியது. மீதி நிலம் வெறும் சேறாகக் கிடந்தது.

அடுத்து மேரின் நாற்றங்கால் முற்றிக்கொண்டிருந்தது. சுற்று வட்டாரத்தில் எங்களை விட்டால் ஆளில்லை. நடவுக்குக் கூப்பிடத் தலையாரி மறுபடி வந்தான்.

"மொதல்ல அஞ்சலைக்கு வேண்டிய நாத்து குடுக்கச் சொல்லு. அப்புறம் எறங்குறோம்" என்றேன். மேர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

அவர் நிலத்தில் நட்டுக்கொண்டிருந்தபோதுதான் மேலே இரைச்சல் கேட்டது. மேர் வரப்பில் குதித்தார். "வந்துடுச்சி! பாருங்கடி! வீசுங்கடி!"

எங்கள் கையெல்லாம் சேறு. ஒருத்தியும் நிமிரவில்லை. நான் பாட்டை இன்னும் உரக்க எடுத்தேன்.

இப்போது நடவுக்குப் போகும் பெண்களே, நாற்றைப் பறித்த பிறகு எந்தத் துரை வந்தாலும் நட்டுவிட்டுக் கரையேறுங்கள்.