மூன்று வாரமாக இறங்காத கப்பல்

இன்று மாலை கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை பஸ். மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்ற கால் கடுத்தது.

ஞாயிறுதோறும் நண்பர்கள் ஐந்து பேர் போனில் பேசி விளையாடும் விண்வெளிக் கதையைப் பற்றி இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். உலகத்தைக் கற்பனை செய்வது நான். மற்ற நால்வரும் ஆளுக்கொரு வேடத்தில் கப்பலில் இருக்கிறார்கள். ஒரு கிரகத்திலிருந்து யாரோ உதவி கேட்கிறார்கள். இறங்கினால் திரும்ப எரிபொருள் போதாது. இறங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரமாக இதே சண்டை. சலித்துப்போய், "ஆட்டத்தை முடித்துக்கொள்வோம்" என்று குழுவில் டைப் செய்துகொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஆஸ்பத்திரித் துப்புரவுச் சீருடையில் ஓர் அக்கா. குழுவின் பின்னணியில் இருந்த கிரகப் படத்தைப் பார்த்து, "இன்னாம்மா, புதுப் படமா?" என்றார்.

"படமில்லக்கா, நாங்களே பேசிப் பேசி ஆடுற கதை" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூப்புடறது யாரு?"

"தெரியாதுக்கா. குரல் மட்டும்தான் கேக்குது."

"அத்த கேட்டுகினே மூணு வாரமா மேல சுத்திகினு கீறாங்களா?"

"எரிபொருள் கம்மிக்கா."

"வார்டுல ஒருத்தர் கத்துனா யாரு, இன்னான்னு யோசிச்சிகினா நிப்போம்? ஓடிப்போய்ப் பாப்போம். மத்ததெல்லாம் அப்பறம். நீ எறக்கு."

டைப் செய்ததை அழித்தேன்.

நிறுத்தம் வந்ததும் எழுந்துகொண்டே, "யாருன்னு நாளைக்குச் சொல்லு. இதே பஸ்ஸுலதான் வருவேன்" என்றார்.

யாரையும் கேட்காமல் கப்பலை இறக்கிவிட்டேன். நால்வரும் குழுவில் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழே இருப்பது யாரென்று எனக்கே தெரியாது.

நாளை சாயங்காலத்துக்குள் யாராவது சொல்லுங்கள்.