உப்புக்குக் காத்திருந்த மிதவை

ஐரின் கடலைப் பார்த்ததெல்லாம் வேளாங்கண்ணியில்தான். அதுவும் நாலே தடவை. ஆனால் வங்கக்கடலின் சூடும் உப்பும் அவளுக்குத் தினமும் தெரியும். திண்டுக்கல் வீட்டில், அம்மா வியாகுலம்மாள் துணி காயப்போடும் ஜன்னலோரம் கணினி முன் உட்கார்ந்து, கடல் மிதவைகள் அனுப்பும் எண்களைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை.

மிதவை என்பது ஆள் உயரக் குழாய். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு போகும். பத்து நாளுக்கொருமுறை வெப்பத்தையும் உப்பையும் அளந்தபடி ஏறிவந்து, தலையை நீட்டிச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும்.

அவற்றில் ஒன்றின்மேல் அவளுக்குத் தனிப் பாசம். அப்பா ராயப்பராஜை அடக்கம் செய்த வாரத்தில் கடலில் இறக்கப்பட்டது அது. ஐப்பசி மழையோடு பேச்சை நிறுத்திவிட்டது. நாற்பது நாள்!

"செத்துப்போச்சும்மா. வெள்ளிக்கிழமை பட்டியல்லருந்து எடுத்துருவோம்" என்றார் சென்னை அதிகாரி நூர் அகமது. எடுத்துவிட்டால், பிறகு அது மேலே வந்து கூப்பிட்டாலும் கேட்க ஆளிருக்காது. ஐரின் சோற்றைத் தொடவில்லை.

பெற்ற மனம் சும்மா இருக்குமா? வியாகுலம்மாள் மாதா கோயிலில், பூசையில் வேண்டுதலாக வாசிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். மிதவையின் ஏழு இலக்க எண்ணை எழுதினால் சாமியார் வாசிப்பாரா? ரொனால்டு என்று ஒரு பெயரையும் தானே வைத்துவிட்டாள். "கடலில் தத்தளிக்கும் ரொனால்டு பத்திரமாய்த் திரும்பிவர" என்று ஞாயிறு பூசையில் ஒலிபெருக்கி முழங்கியது.

முப்பத்தாறு வயதாகியும் ஐரின் கல்யாணம் வேண்டாமென்றது இதனால்தானா! பக்கத்து வீட்டு ஆனந்தமேரி கண்ணீரோடு ஓடிவந்தாள்.

"ஏத்தா, கப்பல்ல இருக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நாங்க என்ன மாட்டேன்னா சொல்லப்போறோம்?"

"அக்கா, அது ஆளில்லக்கா. குழாய். மிஷினு."

"குழாய்க்கா பூசை வச்சீக?"

வியாகுலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதுவும் தண்ணிக்குள்ள தவிக்குதுல்லத்தா."

"பின்ன ஏன் மேல வரமாட்டேங்குது?"

"மழைக்கு ஆத்துத் தண்ணியெல்லாம் கடல் மேல பாலாடை மாதிரி பரவிக் கிடக்குக்கா" என்றாள் ஐரின். "உப்புத்தண்ணி தூக்கும், நல்ல தண்ணி அம்புட்டுத் தூக்காது. அந்த ஆடைக்கு அடியில வந்து முட்டி நிக்குதுன்னு நெனைக்கிறேன். சாகல. நீரோட்டம் உப்புள்ள பக்கம் தள்ளிட்டுப் போனா வந்துரும்."

"இம்புட்டுதானா? இத ஆபீசர்ட்ட சொன்னியா?"

சொல்லவில்லை. பதினொரு வருடத்தில் அவரை எதிர்த்து அவள் ஒரு சொல் பேசியதில்லை. ஆனந்தமேரி செல்போனை எடுத்து அவள் கையில் திணித்தாள். ஐரின் அதே வார்த்தைகளில் அவரிடம் சொன்னாள்.

"ஒரு மாசம் பாப்போம்மா" என்றார் நூர் அகமது.

இருபத்துமூன்றாம் நாள் காலை, தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்க, திரையில் அந்த மிதவையின் எண் வந்தது. ஆறு முறை ஏறியிருக்கிறது, பாவம்! ஆறு முறையும் மேல்மட்டத்துக்கு ஐந்து மீட்டர் கீழே, உப்பு சட்டென்று குறையும் இடத்தில், முட்டி நின்று திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அளந்ததைப் பத்திரமாய் வைத்திருந்து மொத்தமாக அனுப்பியிருந்தது.

வியாகுலம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஐரினுக்கு அழ நேரமில்லை. அந்த ஆறு தடவைக்கான எண்களையும் மதியத்துக்குள் சரிபார்த்து, 'நல்லது' என்று குறியிட்டு அனுப்ப வேண்டும்.