சொந்த வீட்டில் சித்தாள்

என் புருஷன் தையற்காரர். அளவெடுப்பதில் புலி, வரவுசெலவுக் கணக்கில் எலி. வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பேங்கில் கடன் வாங்கி, இரண்டாம் மாடியில் ஒரு வீட்டை வாங்கிப் போட்டார். நாங்கள் மட்டும் பழையபடி ஒற்றை அறையில் வாடகைக்கு!

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பதிவுச் செலவு, புரோக்கர் கமிஷன், வீட்டு வரி, மாதாமாதம் பராமரிப்பு. ஒரு பாவியும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குடிவந்த டீச்சரம்மா கொடுத்த அட்வான்ஸும் அதிலேயே கரைந்தது.

அந்த நேரம் பார்த்துக் குளியலறை ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியது. கீழ்வீட்டார் சண்டைக்கு வர, சரி செய்யாவிட்டால் காலி செய்வேன் என்று டீச்சரம்மா புரோக்கரிடம் சொல்லிவிட்டார். காலி செய்தால் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும், தவணை நின்றுபோகும், வீடு பேங்குக்குப் போய்விடும். கொத்தனாருக்குக் கொடுக்கவோ கையில் காசில்லை.

"நாமளே போவோம். அந்தம்மா நம்மளப் பார்த்ததே இல்லையே" என்றார் என் புருஷன்.

"ஏங்க, ஓனர்னு சொல்லிட்டே செய்யலாமே?"

"கொத்தனாருக்கே வக்கில்லாதவன் அட்வான்ஸ எப்படித் தருவான்னு பயந்துருவாங்கடி."

அட கடவுளே! தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? அவர் கொத்தனார், நான் சித்தாள். போனில் பார்த்த வீடியோதான் குரு. தையல் சாக்பீஸால் கோடு போட்டு டைல்ஸ் வெட்டினார். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் வீட்டுக்குள்ளேயே தயங்கித் தயங்கி நடந்து, சிமெண்ட் குழைத்தேன்.

டீச்சரம்மா டீ கொண்டுவந்தார். "பாவம், காலையிலேர்ந்து குனிஞ்சே இருக்கீங்க. உங்க ஓனர் எப்படிப்பட்ட ஆளு? எனக்கு இன்னைக்குத்தான் டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துச்சு. அடுத்த மாசம் காலி பண்றேன். அட்வான்ஸ ஒழுங்கா குடுத்துருவாரா?"

என் புருஷன் கையில் சாந்துக் கரண்டி அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார்.

"குடுத்துருவாரும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

கிளம்பும்போது டீச்சரம்மா, "செலவுக்கு வச்சுக்குங்க" என்று அவர் கையில் ஒரு நோட்டைத் திணித்தார். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து எங்கள் கைக்கு வந்து, மறுநாளும் கையில் இருந்த முதல் பணம் அது.