காலையில் கொடுத்த மாத்திரை

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவன் நான். பூ எப்போது விரிவது, கோழி எப்போது அடைவது என்பதையெல்லாம் வெளிச்சம்தான் முடிவு செய்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஆகவே, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஓய்வுபெற்ற பின், ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில் பட்டுப் புடவை வியாபாரம் தொடங்கினேன். கல்யாணப் புடவை எடுப்பவர்கள் நல்ல நேரம் பார்த்துக் காலையில்தான் வருவார்கள். முகூர்த்தப் புடவையை மட்டும் என் மனைவி மஞ்சள் குங்குமத்தோடு எடுத்துக் கொடுப்பாள். அவள் கைராசிக்காகவே வந்தவர்கள் உண்டு.

அவளுக்கு மறதி நோய் கண்ட இரண்டாம் ஆண்டு, கலசப்பாக்கத்திலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். அவர்கள் எடுத்த அரக்குப் புடவையை அவள் மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"குடுக்கமாட்டேன். எனக்குக் கோடி போடறதுக்கு வெச்சது இது. நான் செத்தா இன்னாத்த போத்துவீங்க?"

மணப்பெண்ணின் தாய் எழுந்துவிட்டாள். "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல இன்னாங்க பேச்சு இது? ஏந்திருங்கடி."

ஆள் கூட்டிவரும் தரகர் வாசலில் நின்று சிரித்தார். "இன்னா சார், உங்க வூட்ல பட்டு எடுத்தா சாவு ஃப்ரீயா?"

நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே போய் அவளை அறைந்தேன்.

அப்போதே அவளுக்கு இரவுத் தூக்கம் குறைந்திருந்தது. வேலூர் டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, பொறுமையாகச் சொல்லியிருந்தார்: "இது ராத்திரிக்கு மட்டும் சார். காலைல வெயில்ல உக்கார வைங்க. பகல்ல தூங்க வுடாதீங்க. உடம்புக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அது கலைஞ்சிடுச்சின்னா மூளைக்கு ஓய்வே கெடைக்காது, குழப்பம் ஜாஸ்தியாயிடும்."

அவளை அறைந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த மாத்திரையைக் கொடுத்தேன். ஒன்பது மணிக்கெல்லாம் அவள் சுருண்டுவிட்டாள். பின்னறை ஜன்னலைச் சாத்தினேன். "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று வந்தவர்களிடம் சொன்னேன். வியாபாரம் நடந்தது.

பதினான்கு மாதங்கள் இப்படியே போயின. பகலெல்லாம் தூங்கியவள் இரவெல்லாம் விழித்திருந்தாள். கதவை வெளியே பூட்டி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நான் தூங்கினேன். முதலில் மகளின் பெயர் அவளுக்குப் போயிற்று. பிறகு சோற்றைப் பிசையத் தெரியவில்லை. "மாத்திரையை ராத்திரிதானே தர்றீங்க?" என்று டாக்டர் கேட்டபோது, ஆமாம் என்றேன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

களம்பூரில் இருக்கும் மகள் ஒரு நாள் சொல்லாமல் காலை பத்து மணிக்கு வந்து பின்னறையைத் திறந்தாள். சுருண்டு கிடந்த அம்மாவையும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும் காபி டம்ளரையும் பார்த்தாள்.

"காலைலயாப்பா குடுத்துகினு இருந்த? எத்தினி நாளா?"

"கஸ்டமர் வர்ற நேரம்மா..."

"எல்லாத்தையும் படிச்சவன்பா நீ. ஒரு நாயிக்குக்கூட இத செய்யமாட்டாங்க."

அன்றே அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே அவர்களுடைய ரைஸ் மில் களத்தில், காலை வெயிலில் நெல் காயும் இடத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தாள். பகலில் கண் செருகினால் எழுப்பி நடத்தினாள். மூன்றாம் மாதம், இரவில் ஆறு மணி நேரம் தூங்குகிறாள் என்று போனில் சொன்னாள். ஒரு நாள் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அதற்கு மேல் ஒன்றும் திரும்பவில்லை. நோய் தின்றது எவ்வளவு, நான் தின்றது எவ்வளவு என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

போன வாரம் காலையில் போயிருந்தேன். என் மனைவி களத்தில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. பக்கத்தில் போய், "நான்தான்" என்றேன்.

என்னை ஏறிட்டுப் பார்த்தாள். கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, மாத்திரைக்காக வாயைத் திறந்தாள்.

மகள் வந்து என்னைப் போகச் சொல்லும்வரை அவள் வாயை மூடவில்லை.