ஒரு பத்தி குறைந்த ஊர் வரலாறு

என் தம்பி அமெரிக்காவில் ஒரு பெருநகரத்தை ஒட்டிய சின்ன ஊரில் இருக்கிறான். அந்த ஊருக்குப் பிறந்தநாள் வருகிறதாம். அங்குள்ள தமிழர்கள் ஒரு விழா மலர் போடுகிறார்கள்; ஊர் வரலாற்றைத் தமிழில் எழுத ஆள் தேடியிருக்கிறார்கள். திண்டிவனத்தில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிற அக்கா ஒருத்தி சும்மா கிடைப்பாள் என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

வருஷா வருஷம் பிள்ளைகளை மண்டகப்பட்டுக் குகைக்கு அழைத்துப்போய்ப் பல்லவர் கதை சொல்கிறவள் நான். நூறு வயதுகூட ஆகாத ஊருக்கு வரலாறா என்று முதலில் சிரிப்பு வந்தது. கோயில் இல்லை, குளம் இல்லை, படையெடுத்து வந்த ராஜா இல்லை. சோளக்கொல்லை இருந்தது, அதை மனை போட்டு விற்றார்கள், பிறகு கார் நிறுத்த இடம் போதவில்லை என்று சண்டை போட்டார்கள். நம் பைபாஸ் ஓரத்து நகர்களின் கதையேதான். இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி அனுப்பிய ஆங்கிலக் குறிப்பின் நடுவே ஒரு பத்தி இருந்தது. அந்த மனைகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கும் விடக் கூடாது என்று தொடக்கத்தில் பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்தார்களாம். அதற்காக வெட்கப்படுகிறோம் என்று ஊர்க்காரர்களே சொல்லியிருந்தார்கள். எவ்வளவு வெள்ளந்தியான ஆட்கள்! நம் பக்கம் இதற்கெல்லாம் மை செலவழிப்பதில்லை. நான் திண்டிவனத்தில் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரம்மா காபி கொடுத்து உட்காரவைத்து, "சொந்த ஊரு எதும்மா?" என்றார். விழுப்புரத்துப் பக்கம் திருவாமாத்தூர் என்றேன்.

"ஊர்லயா, காலனியா?"

"காலனி."

காபி ஆறுவதற்குள் அந்த வீட்டுக்கு அவர் மகனே குடிவருவதாக ஆகிவிட்டது. மகன் இன்னும் வந்தபாடில்லை, வாடகைக்கு என்ற பலகை தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே அந்தப் பத்தியை மட்டும் ரொம்ப ரசித்து எழுதினேன். கட்டுரை போய்ச் சேர்ந்ததும் தம்பி போன் செய்தான்.

"சூப்பரா இருக்குதுக்கா. அந்த ஒரு பாரா மட்டும் எடுத்துடு."

"ஏன்டா? அவங்களே ஒத்துக்கினதுதானே?"

"கமிட்டில வேணாங்குறாங்க. நெகட்டிவா இருக்குதாம்."

"வெள்ளைக்காரனே சொல்லிட்டான், உங்க கமிட்டிக்கு என்னடா பேஜாரு?"

 அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அந்தப் பேச்சு வந்தா நம்ம ஊருப் பேச்சும் வரும்க்கா. நீ எந்த ஊரு, எந்தத் தெருன்னு கெளறுவாங்க. நான் இங்க பாண்டிச்சேரின்னு சொல்லிக்கினு இருக்கேன். புள்ளைங்களும் அப்படித்தான் நெனைச்சுக்கினு இருக்குதுங்க."

எனக்கு வந்த கோபம் அவன்மேல் நிற்கவில்லை, அழுகையாகிவிட்டது. அத்தனை கடல் தாண்டிப் போயும் அந்தக் காபி டம்ளர் இவனை விடவில்லையே! பத்தியை எடுத்தேன். ஓட்டை தெரியாமலிருக்க, ஆரம்பம் முதலே எல்லோரும் ஒற்றுமையாக வாழ்ந்த ஊர் என்று ஒரு வரியும் சேர்த்தேன். இதை என் மாணவி பரீட்சையில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

மலர் அமோகமாக வந்தது. கட்டுரையைப் படமெடுத்து அனுப்பி, எல்லோரும் பாராட்டினார்கள் என்று தம்பி எழுதியிருந்தான். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில் என் பெயர், அதன் கீழே என் ஊர்: புதுச்சேரி.