தங்கைக்கு வாங்கிய குக்கர்

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிக ஆசிரியை. வலியசாலை வீட்டில் கணவர், நான், என் அம்மா. சமையல் என்னுடையது, சட்டம் அம்மாவுடையது. குக்கரில் வெந்தது வயிற்றுக்கு ஆகாது என்பது முதல் சட்டம். விடியற்காலையில் துவரம்பருப்பு வேகுமா வேகுமா என்று அடுப்படியில் தவம் கிடந்துவிட்டு, ஈரத் தலையை முடிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். ஒரு குக்கர் வாங்கலாம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். அம்மா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

தங்கை கல்யாணமாகி மூணாறுக்குப் போனாள். அவள் கணவருக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் வேலை. போய்ச் சேர்ந்த முதல் வாரமே போனில் புலம்பல். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு வேகவில்லையாம். சின்னவளுக்குச் சமைக்கத் தெரியவில்லையோ என்று அம்மா வாடிப்போனாள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

ஆனால் பாடம் எடுத்துப் பழகிய வாய் சும்மா இருக்குமா? மலையில் காற்றின் அழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், அப்புறம் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது, குக்கரில் நீராவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடும் என்று விளக்கினேன். கடலோரத்தில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை என்றும் சொல்லிவைத்தேன். அம்மா என் பேச்சை அவ்வளவு கவனமாக ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் பள்ளி விட்டு வந்தால் கூடத்தில் புத்தம்புதுக் குக்கர். அம்மா தானே சாலைக் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்திருந்தாள். எனக்கென்றே நினைத்துவிட்டேன். ஆசையாக மூடியைத் திறந்துகூடப் பார்த்தேன். அம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, பழைய புடவையில் சுற்றி, மூணாறுக்குப் பார்சல் அனுப்பக் கட்டத் தொடங்கினாள்.

வயிறு எரிந்தது. வருஷக்கணக்காக எனக்குக் கிடைக்காதது அவளுக்கு ஒரே போனில் கிடைத்துவிட்டது. சின்னவள் என்றால் அம்மா உருகுவது புதிதல்ல. இருந்தாலும் எனக்கு அழுகை வந்தது.

"அவ வயத்துக்கு மட்டும் குக்கர் ஆகுமா?" என்று கேட்டேன்.

"பாவம் குட்டி, அங்கே வேற வழியில்லையாக்கும்," என்றாள் அம்மா. "இங்கே தண்ணி முழுச் சூட்டுல கொதிக்கறதுன்னு நீதானே சொன்னே. அப்புறம் நமக்கு எதுக்கு?"

என் வகுப்பில் எந்தப் பெண்ணும் அந்தப் பாடத்தை அவ்வளவு சுத்தமாகத் திருப்பிச் சொன்னதில்லை. அம்மா, பார்சல் கயிற்றில் முடிச்சு விழும் இடத்தில் விரலை வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.